நாயோடு சென்னையில் வாடகை வீடு: அசோசியேஷன் தடுக்க முடியுமா, மறைக்கலாமா, எங்கே தேடுவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மதுரையிலிருந்து வேலை மாறி சோழிங்கநல்லூருக்கு வருகிறீர்கள். நீங்களும் மனைவியும், கூடவே நான்கு வயதுப் பெண் நாய். சிப்பிப்பாறைக் கலப்பு, கருத்தடை செய்தது. 20,000 ரூபாய்க்குள் இரண்டு படுக்கையறை வீடு வேண்டும். நாய் என்று சொன்னதுமே போனை வைத்துவிடுகிறார்கள். பெரும்பாக்கத்தில் ஒரு ஃபிளாட் ஓனர் மட்டும் சம்மதித்தார். அங்கே அசோசியேஷன் செயலாளர், “சொந்தக்காரங்க நாய் வச்சுக்கலாம், வாடகைக்கு வர்றவங்க வச்சுக்கக் கூடாது” என்கிறார். ஒரு புரோக்கர், “முதல்ல குடி போங்க சார், நாயை ஒரு மாசம் கழிச்சுக் கொண்டு வாங்க” என்று யோசனை சொல்லியிருக்கிறார். இதெல்லாம் சட்டப்படி சரியா என்பது நீங்கள் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் கடைசி வரியில் “இல்லாவிட்டால் அம்மாவிடமே விட்டுவிட வேண்டியதுதானா” என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களைத் தூங்கவிடாத கேள்வி அதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்: விட வேண்டியதில்லை. உங்கள் தொகைக்கு, அந்தச் சுற்றுவட்டாரத்தில், நாயோடு இருக்க வீடு கிடைக்கும். தேடும் இடத்தையும் கேட்கும் விதத்தையும் மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

பள்ளிக்கரணை, மேடவாக்கம், ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) பக்கம் பல வருடங்களாக வீடு பார்த்துக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். நாய் வைத்திருப்பவர்களுக்கும் வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன், வேண்டாம் என்று சொன்ன ஓனர்களோடும் உட்கார்ந்து பேசியிருக்கிறேன். நான் வக்கீல் அல்ல. சட்டம் பற்றி நான் எழுதுவது ஒப்பந்தம் போடும் மேசையில் கற்றுக்கொண்டது. வழக்கு வரை போகும் நிலை வந்தால் ஒரு வக்கீலிடம் காகிதங்களைக் காட்டுங்கள். வட சென்னையோ மற்ற ஊர்களோ எப்படி என்பதும் எனக்குத் தெரியாது.

அசோசியேஷன் விஷயத்தில் உங்கள் பக்கம் வலுவாகவே இருக்கிறது. இந்திய விலங்குகள் நல வாரியம் 2015 பிப்ரவரியில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. நாடு முழுக்க இருக்கும் குடியிருப்போர் சங்கங்களுக்கும் ஃபிளாட் உரிமையாளர் சங்கங்களுக்கும் எழுதப்பட்டது அது. எல்லோரும் கூடித் தீர்மானம் போட்டாலும், பெரும்பான்மையில் விதியைத் திருத்தினாலும், வளர்ப்பு நாய்க்குத் தடை போட முடியாது என்கிறது. நாய் பெரிது, இந்த இனம் கூடாது, குரைக்கிறது என்பவற்றைத் தடைக்குக் காரணமாக ஏற்கவில்லை. லிஃப்டில் ஏற்றக் கூடாது என்று சொல்லவோ அதற்குத் தனிக் கட்டணம் வாங்கவோ கூடாது என்கிறது. உங்களுக்கு முக்கியமான வரி ஒன்றும் அதில் இருக்கிறது: சொந்தக்காரரானாலும் வாடகைக்கு இருப்பவரானாலும், உள்ளாட்சி விதிகளையோ வேறு சட்டத்தையோ மீறாத வரை சங்கம் ஆட்சேபிக்க முடியாது. ஆகவே “சொந்தக்காரருக்கு உண்டு, குடித்தனக்காரருக்கு இல்லை” என்று உங்கள் செயலாளர் பிரித்துப் பேசுவது அந்தச் சுற்றறிக்கைக்கு நேர் எதிரானது. 2021-இல் கேரள உயர் நீதிமன்றமும் ஒரு வழக்கில் இதே திசையில் தீர்ப்புச் சொன்னது. குடியிருப்போர் வளர்ப்புப் பிராணி வைத்துக்கொள்வதைத் தடுக்கும் சங்க விதிகள் சட்டவிரோதம், அரசியலமைப்புக்கும் விரோதம் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இதுவரை சொன்னது நிச்சயமானது. இனி உறுதியில்லாத பகுதி. வாரியத்தின் சுற்றறிக்கை என்பது சட்டமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. கேரளத் தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்டலாம், ஆனால் தமிழ்நாட்டு நீதிமன்றத்தை அது கட்டுப்படுத்தாது. நம் ஊர் சங்கங்கள் பெரும்பாலும் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிந்தவை, ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் துணைவிதி உண்டு. ஒரு வழக்கில் எது எந்த அளவுக்கு எடுபடும் என்பதை என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அனுபவத்தில் பார்த்தது இது: சுற்றறிக்கையின் நகலை இணைத்து, ஃபிளாட்டின் சொந்தக்காரர் தன் பெயரில் மரியாதையாக ஒரு கடிதம் கொடுத்தால் பல சங்கங்கள் அதோடு நிறுத்திக்கொள்கின்றன. கடிதம் குடித்தனக்காரரிடமிருந்து போனால் அதே சங்கம் விறைத்துக்கொள்கிறது. எனவே பெரும்பாக்கம் ஓனர் உங்களுக்காக அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடுவாரா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். “நீங்களே பேசிக்குங்க” என்று சொன்னால் அந்த வீடு வேண்டாம். சங்கத்தோடு நித்தம் ஒரு சண்டை, வாட்ஸப் குழுவில் பேச்சு, வாட்ச்மேனிடம் முறைப்பு என்று அந்த வருடம் முழுவதும் நாயைக் கீழே இறக்கும்போதெல்லாம் மனது பதறும். வெல்லக்கூடிய சண்டைதான். ஆனால் வேலைக்குப் புதிதாக ஊர் மாறி வருபவர் அதில் இறங்குவதை நான் விரும்பவில்லை.

வீட்டுக்காரர் விஷயம் முற்றிலும் வேறு. சுற்றறிக்கை சங்கங்களுக்கானது, தனி வீட்டுக்காரரைப் பார்த்து அது பேசவில்லை. நாய் இருக்கிறது என்பதற்காக ஒருவர் தன் வீட்டை உங்களுக்குக் கொடுக்க மறுத்தால், அவரை வற்புறுத்தும் சட்டம் எதுவும் தமிழ்நாட்டில் இல்லை. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தில், அதாவது 2017-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட உரிமையாளர்கள், வாடகைதாரர்கள் உரிமைகள் மற்றும் பொறுப்புகள் சட்டத்தில், எல்லாமே எழுத்து ஒப்பந்தத்தைச் சுற்றியே நிற்கிறது. ஒப்பந்தத்தில் “செல்லப்பிராணிகள் வளர்க்கக் கூடாது” என்று ஒரு வரி இருந்து அதில் நீங்கள் கையெழுத்துப் போட்டால் அது உங்களைக் கட்டும். முத்திரைத்தாள் கடைகளில் அடித்து வைத்திருக்கும் பதினொரு மாத ஒப்பந்தப் படிவங்கள் பலவற்றில் அந்த வரி ஏற்கெனவே இருக்கிறது. வாடகைத் தொகையையும் தேதியையும் மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்கள்தான் அதிகம். வரிவரியாகப் படியுங்கள்.

மறைத்துக் குடி போகலாமா என்பதற்கு என் பதில்: கூடவே கூடாது. இதில் எனக்குக் கொஞ்சமும் தயக்கமில்லை. அந்த யோசனையைச் சொன்ன புரோக்கருக்கு, நீங்கள் குடி போன அன்றே ஒரு மாத வாடகை கமிஷனாகக் கிடைத்துவிடும். அதன் பிறகு நடப்பது அவருடைய பிரச்சினை இல்லை. உங்கள் அட்வான்ஸ் ஓனர் கையில் இருக்கும். நாய் வந்த மறுநாளே பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்வார். “எங்ககிட்ட மறைச்சுட்டீங்க” என்ற வார்த்தை வந்துவிட்டால் அப்புறம் குழாய் ஒழுகினாலும் ஆள் அனுப்ப மாட்டார்கள், பதினொரு மாதம் முடிந்ததும் நீட்டிக்கவும் மாட்டார்கள். அதைவிட மோசமான விளைவு நாய்க்கு. திடீரென்று ஒரு வாரத்தில் வீடு தேட வேண்டிய கட்டாயத்தில்தான் மக்கள் நாயைத் தெருவில் விடுகிறார்கள், அல்லது ப்ளூ கிராஸ் விலங்குக் காப்பக வாசலில் கட்டிவிட்டுப் போகிறார்கள். காலி செய்து போன வீட்டு கேட்டுக்கு வெளியே நாட்கணக்கில் படுத்துக் கிடந்த நாய்களை இந்தத் தொழிலில் பார்த்திருக்கிறேன். வளர்த்த பிராணியைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். அதற்கான அபராதம் இன்றும் சில்லறைக் காசாகவே இருப்பது வேதனை.

ஓனர்கள் ஏன் மறுக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால் பேசுவது எளிது. “நாய் பிடிக்காது” என்பது பாதிப் பேருக்குக் காரணமே இல்லை. பலர் ஊரில் நாய் வளர்த்தவர்கள்தான். கீழே ஓனர், மேலே குடித்தனம் என்றிருக்கும் வீடுகளில் பயம் மூன்று: மொட்டை மாடியில் நாய் சிறுநீர் கழித்து வெயிலில் நாறும், வாசலில் கோலம் போடும் நேரத்தில் நாய் குறுக்கே வரும், வயதான அம்மா அப்பா படியேறும்போது பாய்ந்துவிடும். அதே ஊரில் இல்லாமல் துபாயிலோ அமெரிக்காவிலோ இருக்கும் ஃபிளாட் ஓனருக்கு இந்தக் கவலைகள் கிடையாது. அவர் பயப்படுவது போன் காலுக்கு. நடுராத்திரியில் அசோசியேஷன் தலைவர் அழைத்து “உங்க டெனன்ட் நாயால தூங்க முடியல” என்று சொல்லிவிடுவாரோ என்பதுதான் அவருக்கு. புதிதாகக் கட்டி, தேக்குக் கதவு போட்டு, கடனுக்கு மாதத் தவணை கட்டிக்கொண்டிருக்கும் ஓனருக்கு அந்தக் கதவில் நகக் கீறல் விழுமே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். இன்னும் சிலர் முன்பு இருந்த குடித்தனக்காரரால் சூடுபட்டவர்கள். நாய் முடி அடைத்த தண்ணீர்க் குழாயைக் காலி செய்த பிறகு ஆள் வைத்துச் சுத்தம் செய்த கதையைச் சொல்வார்கள். அவர்கள் சொல்வதைக் குறுக்கிடாமல் முழுதாகக் கேளுங்கள். எந்த பயம் என்று தெரிந்த பிறகு அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மாடிக்குப் பயப்படுகிறவரிடம் மாடிக்கு நாயை ஏற்ற மாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள். போனுக்குப் பயப்படுகிறவரிடம், பக்கத்து வீட்டார் இருவரிடமும் உங்கள் நம்பரைக் கொடுத்து, குறை இருந்தால் முதலில் உங்களை அழைக்கச் சொல்கிறேன் என்று சொல்லுங்கள்.

நாய் என்ற காரணம் சில நேரம் வேறொன்றுக்குத் திரையாக இருக்கும். அதையும் சொல்லாமல் விடக் கூடாது. முதல் கேள்வியே “சைவமா?” என்று வந்தால், பிறகு வரும் “நாய் கூடாது” என்பதற்கு அர்த்தம் வேறாக இருக்கலாம். மதம், சாதி, சாப்பாடு பார்த்து வீடு கொடுப்பது இந்த ஊரில் இன்னும் ஒழியவில்லை. மயிலாப்பூர், மேற்கு மாம்பலத்தில் அதிகம், எங்கள் பக்கத்திலும் உண்டு. நேரே சொல்லக் கூச்சப்பட்டு நாயின் மேல் போடுவார்கள். சைவர்களுக்கு மட்டும் என்று சொல்லும் வீட்டில் உண்மையாகவே நாய்க்குச் சம்மதிப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் “நாய்க்குக் கோழி வேக வைப்பீங்களா?” என்று கேட்பார்கள். பொய் சொல்லிப் பயனில்லை, மணம் காட்டிக் கொடுத்துவிடும். அப்படிப்பட்ட வீடுகளை நீங்களே தவிர்த்துவிடுவது உங்களுக்கும் நாய்க்கும் நிம்மதி.

இப்போது எங்கே தேடுவது. உங்கள் தொகையில் ஓஎம்ஆர் மேலேயே இருக்கும் பெரிய கோபுரக் குடியிருப்புகள் சிரமம். அவற்றில் பலவற்றில் நாய்க்கு விதிமுறையே தெளிவாக இருக்கும், நிறையப் பேர் வளர்க்கவும் செய்வார்கள், ஆனால் வாடகையோடு மெயின்டனன்ஸ் சேர்ந்து கைக்கு மீறிப் போகும். எட்டு முதல் பன்னிரண்டு வீடுகள் இருக்கும் சின்ன ஃபிளாட்டுகளில் அசோசியேஷன் என்பது நடைமுறையில் இரண்டு மூன்று குடும்பங்கள். அவர்களில் ஒருவர் வீட்டில் நாய் இருந்தால் வேலை சுலபம், நாய்க்குப் பயந்த ஒருவர் இருந்தால் கடினம். வீடு பார்க்கப் போகும்போதே படியில் பார்ப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எனக்கு உங்களுக்காகத் தோன்றுவது தனி வீடு, அல்லது இரண்டு மாடியில் இரண்டு மூன்று குடித்தனம் மட்டும் இருக்கும் வீடு. மேடவாக்கம், வேங்கைவாசல், சித்தாலப்பாக்கம், நன்மங்கலம் பக்கம் இவை நிறைய. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஈஞ்சம்பாக்கம், பனையூர் உள்தெருக்களில் பழைய வீடுகள் கிடைக்கும். அங்கிருந்து சோழிங்கநல்லூருக்கு நேர் சாலை உண்டு. ஓனர் அதே வளாகத்தில் இல்லாத வீடாகப் பாருங்கள். இருந்தாலும் அவர் வீட்டில் நாய் இருந்தால் அது வரம்.

தரைத்தளம் நாய்க்கு நல்லதென்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் பகுதியில் அதைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்காதீர்கள். பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய ஊர்கள் இவை. 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணை, பெரும்பாக்கத்தின் பல தெருக்களில் தரைத்தளத்துக்குள் தண்ணீர் வந்தது. ஆட்களைப் படகில் ஏற்றும்போது நாயை ஏற்ற இடமில்லாமல் தவித்த குடும்பங்கள் உண்டு. வாடகை வழக்கத்தைவிடக் குறைவாக இருக்கும் தரைத்தள வீட்டைப் பார்த்தால் எதிர்த்த வீட்டுக்காரரிடம், “மிக்ஜாம்ல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு?” என்று கேளுங்கள். ஓனரிடம் கேட்காதீர்கள். முதல் மாடி கிடைத்தால் அதையே எடுங்கள். உங்கள் நாய் படியேறும் வயதில்தான் இருக்கிறது.

சிப்பிப்பாறைக் கலப்பு என்பதால் இன்னொன்று. ஓனரிடம் இது உங்களுக்குச் சாதகம். ஒல்லி உடம்பு, குட்டை முடி, முடி கொட்டுவதும் குறைவாகத் தெரியும். ஆனால் ஓடிப் பிடிக்கும் வேட்டை இனம். பூனையைக் கண்டால் தாழ்வான காம்பவுண்டுச் சுவரைத் தாண்டிவிடும். சுவர் உயரத்தையும் கேட் கம்பி இடைவெளியையும் பாருங்கள். தெருவில் எத்தனை தெருநாய்கள், யார் சோறு போடுகிறார்கள் என்பதைக் காலையில் ஒரு முறை, ராத்திரி ஒரு முறை போய்ப் பாருங்கள். புது நாயைத் தெருநாய்கள் முதல் சில வாரங்கள் விடாது. பெரிய, முரட்டு இனம் வைத்திருப்பவர்கள் இந்தப் பதிலைப் படித்தால் அவர்களுக்கு இது பொருந்தாது. 2024 மே மாதம் ஆயிரம் விளக்குப் பூங்காவில் இரண்டு ராட்வைலர்கள் ஐந்து வயதுக் குழந்தையைக் கடித்த பிறகு ஓனர்களின் முகமே மாறிவிட்டது. இப்போது நாய் என்றதும் “என்ன ஜாதி நாய்?” என்பதுதான் முதல் கேள்வி. அதனால் நாய் என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். “நாலு வயசுப் பொண்ணு நாய், நம்ம ஊர் சிப்பிப்பாறைக் கலப்பு, ஆபரேஷன் பண்ணியாச்சு, ஊசி எல்லாம் போட்டாச்சு” என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். கேட்பவர் மனதில் ஏற்கெனவே வந்து நிற்கும் பெரிய கறுப்பு நாயின் படம் அதில் கலைந்துவிடும்.

தேடும் முறையில், இணையதளங்களையும் செயலிகளையும் மட்டும் நம்பியிருக்காதீர்கள். வளர்ப்புப் பிராணிக்கு அனுமதி என்று குறிக்கும் வசதி சிலவற்றில் உண்டு, ஆனால் பல ஓனர்கள் அதைக் கவனித்து நிரப்புவதில்லை. அதில் “இல்லை” என்று இருந்தாலும் நேரில் கேட்டால் சம்மதித்தவர்கள் இருக்கிறார்கள், “உண்டு” என்று இருந்து மறுத்தவர்களும் இருக்கிறார்கள். நான் கண்டதில் பலன் தருவது வேறு வழி. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு நீங்கள் விரும்பும் பகுதிக்குப் போய் நாயோடு நடப்பவர்களிடம் பேசுங்கள். வாடகைக்கு இருப்பவரா என்று கேளுங்கள். அவருடைய ஓனர் நாய்க்குச் சம்மதித்தவர், அந்த ஓனருக்கு இன்னொரு வீடும் இருக்கலாம். நாய் வைத்திருப்பவர்கள் இந்த உதவியைத் தயங்காமல் செய்வார்கள். அந்தப் பகுதியின் கால்நடை மருத்துவரிடமும் நாய் உணவு விற்கும் கடையிலும் சொல்லி வையுங்கள். வேறு ஊருக்கு மாறிப் போகிறவர்கள் தடுப்பூசிச் சான்றுக்கு மருத்துவரிடம்தான் முதலில் வருவார்கள், அவர்கள் காலி செய்யும் வீடு ஏற்கெனவே நாய் இருந்த வீடு. தெருமுனை இஸ்திரி வண்டிக்காரருக்கு எந்த வீடு அடுத்த மாதம் காலியாகிறது என்பது ‘டு லெட்’ பலகை தொங்குவதற்கு முன்பே தெரியும். புரோக்கரிடம் போனால் முதல் வாக்கியத்திலேயே நாயைச் சொல்லுங்கள். முகம் சுளிப்பவரை விட்டு அடுத்தவரிடம் போங்கள்.

காலமும் ஒரு விஷயம். ஏப்ரல் முதல் ஜூன் வரை பள்ளிக்கூட மாற்றத்துக்காகக் குடும்பங்கள் அலைமோதும், ஓனருக்கு ஆளுக்குப் பஞ்சமே இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் வீடு மாற மாட்டார்கள். காலியான வீடு இரண்டு மாதம் சும்மா கிடக்குமே என்று ஓனர் யோசிக்கும் நேரம் அது. உங்களுக்கு அந்த நம்பிக்கை தடையில்லை என்றால் ஆடி பிறந்ததும் தேடுங்கள். பால் காய்ச்சுவதை மட்டும் ஆவணியில் வைத்துக்கொண்டு, வாடகையை ஆடியிலிருந்தே கொடுத்துவிடுகிறேன் என்று சொன்னாலும் ஓனர்கள் இறங்கி வருவார்கள்.

ஓனரைப் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் கோப்பு எடுத்துப் போங்கள். தடுப்பூசிப் புத்தகம், வெறிநாய்க்கடி ஊசி போட்ட தேதி தெரியும் பக்கத்தோடு. கருத்தடைச் சான்று. மதுரை வீட்டுக்காரரிடம் “இவர்கள் இருந்தபோது நாயால் தொந்தரவு இல்லை” என்று இரண்டு வரிக் கடிதமும் அவர் சம்மதித்தால் போன் நம்பரும். இந்தக் கடைசிக் காகிதம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. சென்னை மாநகராட்சி எல்லைக்குள் வீடு அமைந்தால் நாய்க்கு உரிமம் கட்டாயம். கட்டணம் வருடத்துக்கு 50 ரூபாய்தான். மைக்ரோசிப்பும் பொருத்த வேண்டும். உரிமம் இல்லாவிட்டால் 5,000 ரூபாய் அபராதம் என்று 2025 கடைசியில் கொண்டுவந்திருக்கிறார்கள். சோழிங்கநல்லூரும் ஈஞ்சம்பாக்கமும் மாநகராட்சி. மேடவாக்கம், பெரும்பாக்கம், சித்தாலப்பாக்கம் எல்லாம், இதை எழுதும் வரை, ஊராட்சிகள். அங்கே மாநகராட்சி உரிமம் பொருந்தாது, தடுப்பூசிப் புத்தகமே உங்கள் சான்று.

முதல் பேச்சு சுமுகமாகப் போனால் “ஒரு தடவை நாயைப் பாத்துட்டு முடிவு சொல்லுங்க” என்று கேளுங்கள். நன்றாக நடக்க வைத்துக் களைத்த பிறகு, மாலையில், கயிற்றோடு அழைத்துப் போங்கள். வீட்டுக்குள் நுழையாமல் வாசலிலேயே உட்கார வையுங்கள். அமைதியாக உட்காரும் நாயைப் பார்த்து மனம் மாறிய ஓனர்களை எனக்குத் தெரியும். ஆனால் புது ஆளைக் கண்டால் குரைக்கும் நாய் என்றால் இதைச் செய்யாதீர்கள், அது வீட்டில் இருக்கும்போது எடுத்த வீடியோவைக் காட்டினால் போதும்.

பணத்தில் ஒரு எச்சரிக்கை. நாய்க்காக வாடகையை ஏற்றித் தருகிறேன் என்று நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். ஏற்றிய வாடகை பிறகு இறங்காது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது என்பது மேலே சொன்ன சட்டத்தின் பொது விதி, இருவரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் தவிர. இங்கே ஐந்து, ஆறு மாதம் கேட்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. நாயைக் காட்டி அதை எட்டு, பத்து என்று நீட்டினால் வேண்டாம். அதற்குப் பதிலாகக் காலி செய்யும்போது சுத்தம் செய்யும் பொறுப்பை எழுத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளையடிக்க ஒரு மாத வாடகை பிடிப்பது இங்கே வழக்கம்தான், நாயால் அது இரண்டாகாமல் ஒப்பந்தத்திலேயே கட்டிப்போடுங்கள். நான் எழுதச் சொல்லும் வாசகம் ஏறத்தாழ இப்படி இருக்கும்: “குடித்தனக்காரர் தம் வளர்ப்பு நாய் ஒன்றை இவ்வீட்டில் வைத்துக்கொள்ள உரிமையாளர் சம்மதிக்கிறார். நாயால் கதவு, தரை, சுவர், கொசுவலை இவற்றுக்கு ஏற்படும் சேதத்தைக் குடித்தனக்காரர் தம் செலவில் சரிசெய்து தருவார். காலி செய்யும்போது வீடு முழுவதும் ஆள் வைத்துச் சுத்தம் செய்து ஒப்படைப்பார். நாயின் பொருட்டு வேறு பிடித்தம் இல்லை.” நாயின் பெயர், வயது, நிறம் எழுதுங்கள். இரண்டாவது நாய்க்கு இது அனுமதி இல்லை என்று ஓனர் சேர்க்கச் சொன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள், நியாயமான கேள்வி. சாவி வாங்கும் அன்றே கதவு, ஜன்னல் கட்டை, கொசுவலை, குளியலறைக் கதவின் அடிப்பகுதி எல்லாவற்றையும் தேதியோடு வீடியோ எடுத்து ஓனருக்கு வாட்ஸப்பில் அனுப்பிவிடுங்கள். பழைய கீறல் உங்கள் தலையில் விழாது.

ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யச் சட்டம் சொல்கிறது. நிறைய ஓனர்கள் செய்வதில்லை. பதிவில்லாத காகிதத்தை வைத்துக்கொண்டு பின்னால் உரிமை கோருவது கடினம், ஆகவே கேளுங்கள். இப்படி எழுதிப் பதிந்த பிறகு, நாய் இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக இடையில் வெளியேறச் சொல்வது சுலபமில்லை. ஆனால் அக்கம்பக்கத்துக்குத் தொல்லை, கட்டடத்துக்குச் சேதம் என்று காட்டினால் நிலைமை வேறு. ஒப்பந்தக் காலம் முடிந்ததும் நீட்டிக்காமல் விடும் உரிமையும் ஓனருக்கு இருக்கிறது. காகிதம் உங்களுக்கு ஒரு வருடத்தைத்தான் தரும். அடுத்த வருடம் உங்கள் நாயின் நடத்தையில் இருக்கிறது.

அதில் எனக்கு உண்மையாகக் கவலை தரும் இடம் ஒன்று. நீங்கள் இருவரும் வேலைக்குப் போகிறீர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். மதுரையில் அம்மா வீட்டில் இருந்திருப்பார். இங்கே பகலில் ஒன்பது பத்து மணி நேரம் அது தனியாக இருக்கப் போகிறது. நான் பார்த்த குடித்தனப் புகார்களில் பெரும்பாலானவை நாய் கடித்ததால் வந்தவை அல்ல, ஆள் இல்லாத வீட்டில் நாய் பகல் முழுக்க ஊளையிட்டதால் வந்தவை. வீட்டில் இல்லாத உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இப்போதே மதுரையிலேயே அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி என்று தனியாக விட்டுப் பழக்கி, ஒரு பழைய போனில் பதிவு செய்து பாருங்கள். எப்படிப் பழக்குவது என்பது என் தொழில் அல்ல, கால்நடை மருத்துவரிடமோ நாய்ப் பயிற்சியாளரிடமோ கேளுங்கள். குடி வந்ததும் முதல் இரண்டு வாரம் உங்களில் ஒருவர் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். மதியம் ஒரு முறை வெளியே அழைத்துப் போக ஆள் வைப்பதற்கும் மாதச் செலவில் இடம் ஒதுக்குங்கள்.

அம்மாவிடம் விடுவது பற்றி: வீடு அமையும் வரை ஓரிரு மாதம் விடுவதில் தவறில்லை, அதுவே நல்லதும்கூட. வீட்டை முடித்து, சாமான் இறக்கி, கேட்டுக்கு வலை அடித்த பிறகு நாயை அழைத்து வாருங்கள். ஆனால் ஓனரிடம் முதல் நாளே சொல்லி, ஒப்பந்தத்தில் எழுதிய பிறகுதான். ரயிலில் அழைத்து வர, முதல் வகுப்பு ஏசியில் இரண்டு பேர் கூபே முழுவதையும் நீங்கள் இருவரும் எடுத்தால் நாயை உள்ளேயே வைத்துக்கொள்ளலாம். பயணத்துக்கு முன் பார்சல் அலுவலகத்தில் எடை போட்டுக் கட்டணம் கட்ட வேண்டும், தடுப்பூசிச் சான்று கேட்பார்கள். கூபேதான் கிடைக்கும் என்று முன்பதிவின்போது உறுதியாகாது, பயணிகள் பட்டியல் (சார்ட்) தயாராகும்போதுதான் தெரியும், அதனால் முன்கூட்டியே ரயில்வே அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். கார்டு பெட்டியில் இருக்கும் நாய்க் கூண்டில் போடுவதை நான் சொல்ல மாட்டேன். கூபே அமையாவிட்டால் கார் பேசி, ராத்திரி வெயில் இல்லாத நேரத்தில் கிளம்பி வந்துவிடுங்கள். பெரும்பாக்கம் ஓனர் கடிதம் தர ஒத்துக்கொண்டாரா என்று இங்கேயே எழுதுங்கள். கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரி எழுதித் தருகிறேன்.